லினக்ஸ் டெர்மினலில் ப்ராசஸ்களைக் கூட்டமாக நிறுத்துவது எப்படி?

ஒற்றை ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) நிறுத்துவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. எண்ணைப் பார்த்து கில் கட்டளையிடம் கொடுத்தால் முடிந்தது. ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து முப்பது நாற்பது ப்ராசஸ்கள் ஓடும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. தாயை நிறுத்தினால் பிள்ளைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெயரை வைத்து நிறுத்தினால் அதே பெயரில் ஓடும் இன்னொருவர் வேலையும் சேர்ந்து விழும். இந்தக் குழப்பங்கள் பெரும்பாலும் சிக்னலால் (ப்ராசஸுக்கு எண்ணாக அனுப்பும் செய்தியால்) வருவதில்லை, கூட்டத்தைத் தப்பாகப் பிடிப்பதால் வருகின்றன. அதனால் இங்கே முக்கால் பங்கு, எந்தக் கூட்டத்தை எந்தப் பிடியால் பிடிப்பது என்பதைப் பற்றியே.

கட்டளைகளும் ஆப்ஷன்களும் உச்சரிப்புப்படி தமிழில் கொடுக்கப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் அதைத் தனியாகக் குறித்திருக்கிறது.

முதலில் பட்டியல்

எதையும் நிறுத்துவதற்கு முன் இதை ஓட்டுங்கள்:

பிஎஸ் -இஓ பிஐடி,பிபிஐடி,பிஜிஐடி,எஸ்ஐடி,ஆர்க்ஸ் --ஃபாரஸ்ட்

பிஐடி ப்ராசஸின் எண். பிபிஐடி அதன் தாயின் எண். பிஜிஐடி அது சேர்ந்த ப்ராசஸ் குரூப்பின் (பொதுவாக ஒரே கட்டளையிலிருந்து கிளைத்த கூட்டத்தின்) எண். எஸ்ஐடி அது சேர்ந்த செஷனின் (பொதுவாக ஒரே டெர்மினலைச் சேர்ந்த குரூப்களின் தொகுப்பின்) எண். மேக் கட்டளை ஓடும் ஒரு டெர்மினலில் இப்படித் தெரியும்:

4098 | 4090 | 4098 | 4098 | பாஷ்
4120 | 4098 | 4120 | 4098 | மேக் -ஜே4
4133 | 4120 | 4120 | 4098 | ஜிசிசி
4134 | 4133 | 4120 | 4098 | சிசி1
4140 | 1 | 4120 | 4098 | பைத்தான்3 வாட்ச்.பை

கடைசி வரியைக் கவனியுங்கள். அதன் தாய் எண் 1. அதைப் பெற்ற ப்ராசஸ் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் கெர்னல் (லினக்ஸின் மையக் கரு) அதை முதல் ப்ராசஸிடம் ஒப்படைத்துவிட்டது. சில கணினிகளில் பயனரின் சிஸ்டம்டி (சேவைகளைக் கிளப்பி நிர்வகிக்கும் நிரல்) ப்ராசஸிடம் ஒப்படைத்திருக்கும், அப்போது அதன் எண் தெரியும். 4120-இலிருந்து தாய்-பிள்ளை உறவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் இந்த வரி கண்ணில் படவே படாது. ஆனால் மூன்றாவது பத்தி மாறவில்லை, அங்கே இன்னமும் 4120தான். தாய் செத்தாலும் குரூப் எண் மாறாது. கூட்டமாக நிறுத்தும்போது மரத்தைவிடக் குரூப்பை நம்பலாம் என்பது இதனால்தான்.

எந்தச் சிக்னல்?

கில் கட்டளையில் எண் எதுவும் கொடுக்காவிட்டால் 15 போகும். "வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு" என்று அர்த்தம். ப்ராசஸ் அதைப் பிடித்துக் கோப்புகளை மூடலாம், பூட்டுக் கோப்பை அழிக்கலாம், தன் பிள்ளைகளுக்கும் சொல்லலாம். 9 என்றால் கெர்னலே கதையை முடித்துவிடும். ப்ராசஸுக்கு எதையும் ஒழுங்குபடுத்த அவகாசம் கிடையாது. தாய்க்கு 9 அனுப்பினால் பிள்ளைகளிடம் சொல்லவும் ஆளில்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரே ஒரு இணைப்பின் ப்ராசஸுக்கு 9 அனுப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் வீச்சு தெரியும்: தாய் ப்ராசஸ் பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு, மீட்புப் பணியில் இறங்கிவிடும்.

அதனால் வரிசை இது: முதலில் 15, ஐந்திலிருந்து பத்து விநாடி பொறுத்துப் பார்ப்பது, மிச்சமிருப்பவற்றுக்கு மட்டும் 9. பெரிய டேட்டாபேஸ் என்றால் பத்து விநாடி போதாது, நிமிடக் கணக்கில் பொறுக்க வேண்டும்.

இன்னும் சில எண்கள் அடிக்கடி வரும். 2 என்பது கன்ட்ரோல்-சி அடித்தால் போவது. 1 டெர்மினல் மூடும்போது போவது. 19 ப்ராசஸை அப்படியே உறைய வைக்கும், 18 மறுபடி ஓடவிடும் (இன்டெல், ஆர்ம் கணினிகளில் இந்த எண்கள்). 0 எந்தச் சிக்னலையும் அனுப்பாது. அந்த ப்ராசஸ் இருக்கிறதா, அதற்குச் சிக்னல் அனுப்ப நமக்கு உரிமை இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும்.

குரூப்பை மொத்தமாக நிறுத்துவது

குரூப் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் சிக்னல் அந்தக் குரூப்பில் உள்ள அத்தனைக்கும் போகும்:

கில் -- -4120

நடுவில் இருக்கும் இரட்டைக் கோடு அலங்காரத்துக்கு இல்லை. அதை விட்டுவிட்டு கில் -4120 என்று அடித்தால், 4120 என்பதைச் சிக்னல் எண் என்று எடுத்துக்கொண்டு அப்படி ஒரு சிக்னல் இல்லை என்று பாஷ் (டெர்மினலில் அடிப்பதை வாங்கி ஓட்டும் ஷெல்) திட்டும். சிக்னலை முன்னால் சொல்லிவிட்டால், அதாவது கில் -15 -4120 என்றால், குழப்பம் இல்லை. ஸ்கிரிப்ட்டில் எழுதும்போது இரண்டையும் சேர்த்து கில் -15 -- -4120 என்றே எழுதுங்கள்.

இதில் ஒரு படுகுழி உண்டு. -1 என்பது குரூப் 1-ஐக் குறிக்காது, "எனக்கு உரிமை உள்ள எல்லா ப்ராசஸும்" என்பதைக் குறிக்கும். ரூட்டாக இருந்துகொண்டு கில் -9 -1 அடித்தால் முதல் ப்ராசஸும், கட்டளையை அனுப்பியதும் தவிர பயனர் தளத்தில் ஓடும் எல்லாம் போய்விடும், உங்கள் எஸ்எஸ்ஹெச் இணைப்பு உட்பட. யாரும் இதை வேண்டுமென்று அடிப்பதில்லை. ஸ்கிரிப்ட்டில் குரூப் எண்ணை ஒரு வேரியபிளில் வாங்கி, அதில் தப்பித் தவறி 1 வந்துவிடும்போதுதான் நடக்கிறது. 0 வந்தால் ஸ்கிரிப்ட் தன் சொந்தக் குரூப்பையே சுட்டுக்கொள்ளும். ஆகவே வேரியபிளில் இருப்பது எண்தானா, 1-ஐவிடப் பெரியதா என்று சோதித்துவிட்டுத்தான் கில் வரி வர வேண்டும்.

நீங்கள் அடித்த டெர்மினலிலேயே பின்னணியில் ஓடும் வேலை என்றால் எண்ணே தேட வேண்டாம். ஜாப்ஸ் என்று அடித்தால் வரிசை எண் வரும். கில் %1 என்றால் பாஷ் அந்த ஜாபின் குரூப் முழுவதற்கும் சிக்னல் அனுப்பும். பைப் போட்டு நாலு கட்டளைகளைக் கோத்திருந்தாலும் நாலுக்கும் போய்ச் சேரும்.

பெயர், பயனர், டெர்மினல்

குரூப் சிதறிக் கிடக்கும்போது பிகில் கைகொடுக்கும். அதை அடிப்பதற்கு முன் அதன் இரட்டையான பிகிரெப்பை அதே நிபந்தனைகளோடு, -ஏ சேர்த்து ஓட்டுங்கள்:

பிகிரெப் -ஏ -யு பில்ட் -எஃப் வர்க்கர்.பை

பில்ட் என்ற பயனரின் ப்ராசஸ்களில், முழுக் கட்டளை வரியில் வர்க்கர்.பை என்று வருபவை முழு வரியோடு பட்டியலாகும். பட்டியல் சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி, பிகிரெப்பை பிகில் ஆக்கி, -ஏ-வை எடுத்துவிட்டு அடியுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தாலே பாதி விபத்துகள் நடக்காது.

பிகில் மூன்று இடங்களில் காலை வாரும்.

-எஃப் இல்லாவிட்டால் கெர்னல் வைத்திருக்கும் குறும்பெயரோடு மட்டுமே ஒப்பிடும், அதன் நீளம் 15 எழுத்துதான். பதினாறு எழுத்துப் பெயரைத் தேடினால் ஒன்றும் சிக்காது. பைத்தான், ஜாவா நிரல்களுக்குக் குறும்பெயர் பெரும்பாலும் பைத்தான்3, ஜாவா என்றே இருக்கும், உங்கள் நிரலின் பெயர் அங்கே இருக்காது. அவற்றுக்கு -எஃப் கட்டாயம்.

இரண்டாவது, கொடுக்கும் சொல் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், பெயரின் எந்தப் பகுதியில் பொருந்தினாலும் பிடித்துவிடும். எஸ்எஸ்ஹெச் என்று தேடினால் எஸ்எஸ்ஹெச்டி, எஸ்எஸ்ஹெச்-ஏஜென்ட் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். முழுப் பெயரும் அப்படியே பொருந்த வேண்டும் என்றால் -எக்ஸ் போடுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் பேரைக் குழப்புவது. பிகில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளாது, ஆனால் தன்னை அழைத்தவரை நிறுத்தும். சூடோ போட்டு பிகில் -எஃப் வர்க்கர் என்று ஓட்டினால், சூடோவின் கட்டளை வரியிலும் வர்க்கர் என்ற சொல் இருக்கிறதே! அதுவும் பொருந்திவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவில் ஓட்டும்போதும் அங்கே அதை ஓட்டும் ஷெல்லுக்கு இதே கதிதான். கட்டளை பாதியில் அறுந்துபோய், ஏன் என்றே தெரியாமல் நிற்பீர்கள். புதிய பதிப்புகளில் இதற்காகவே -ஏ (பெரிய எழுத்து) இருக்கிறது: அழைத்த முன்னோர்களை விட்டுவிடும். பழைய பதிப்பு என்றால் தேடும் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் சதுர அடைப்புக்குள் போட்டு, முழுச் சொல்லையும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். தேடலுக்கு அர்த்தம் மாறாது. கட்டளை வரியில் மட்டும் அடைப்புக்குறி குறுக்கே வந்து பொருத்தத்தைக் கெடுத்துவிடும்.

மற்ற பிடிகளும் உண்டு. -ஜி குரூப் எண்ணை எடுக்கும், -எஸ் செஷனை எடுக்கும். -பி (பெரிய எழுத்து) தாயின் எண்ணை எடுக்கும், ஆனால் நேர்ப் பிள்ளைகள் மட்டுமே சிக்கும், பேரப்பிள்ளைகள் தப்பிவிடும். -டி பிடிஎஸ்/3 என்றால் அந்த டெர்மினலில் உள்ளவை. ஆளில்லாமல் தொங்கும் டெர்மினலை விரட்ட பிகில் -1 -டி பிடிஎஸ்/3 என்று 1-ஐ அனுப்புங்கள். கட்டளை கேட்டுக் காத்திருக்கும் பாஷ் 15-ஐக் கண்டுகொள்ளாது. 15 அனுப்பிவிட்டு "போகவே மாட்டேன் என்கிறதே" என்று உடனே 9-க்குத் தாவ வேண்டியதில்லை.

கில்ஆல் பெயரை முழுசாக ஒப்பிடும். -டபிள்யூ போட்டால் எல்லாம் சாகும்வரை காத்திருக்கும், -ஐ போட்டால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு நிறுத்தும். லினக்ஸில் நல்ல கருவி. சோலாரிஸில் இதே பெயருள்ள கட்டளை எல்லா ப்ராசஸையும் நிறுத்திவிடும் என்பதால் பல வகைக் கணினிகளில் வேலை செய்பவர்கள் பிகில்லோடு நின்றுகொள்வது நல்லது.

போர்ட்டையோ டிஸ்க்கையோ பிடித்திருப்பவை

8080 போர்ட்டை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்றால் ஃபியூசர் -வி 8080/டிசிபி என்று பாருங்கள். நிறுத்த -கே சேர்க்க வேண்டும். ஆனால் ஃபியூசர் -கே வழக்கமாக அனுப்புவது 9. மற்ற கட்டளைகளின் பழக்கத்தில் 15 போகும் என்று நம்பிவிடாதீர்கள். ஃபியூசர் -கே -டெர்ம் 8080/டிசிபி என்று சிக்னல் பெயரைச் சொல்லிவிடுங்கள் (டெர்ம் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்).

அன்மவுன்ட் ஆக மறுக்கும் டிஸ்க்குக்கு ஃபியூசர் -கே -எம் வழியாகப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். கொடுத்த அடைவு உண்மையில் மவுன்ட் ஆகாமல் வெறும் அடைவாக இருந்தால், அது உட்கார்ந்திருக்கும் மூல ஃபைல் சிஸ்டத்தைப் பயன்படுத்தும் எல்லா ப்ராசஸுமே இலக்காகிவிடும். பெரிய எழுத்து -எம்-ஐயும் சேர்த்தால் மவுன்ட் ஆன இடமாக இருந்தால் மட்டுமே வேலை செய்யும். அது இல்லாமல் இந்தக் கட்டளையை அடிக்கவே வேண்டாம்.

குரூப்பை விட்டு நழுவியவை

செட்சிட் வழியாகக் கிளம்பிய ப்ராசஸ் புதுச் செஷன், புதுக் குரூப் இரண்டையும் தானே உருவாக்கிக்கொள்ளும். பின்னணிச் சேவைகள் பலவும் இப்படித்தான் கழன்று போகும். தாய் எண், குரூப் எண், செஷன் எண் மூன்றும் மாறிவிட்டால் எதை வைத்துப் பிடிப்பது? சிகுரூப்பை, அதாவது ப்ராசஸ்களைக் கெர்னலே அடைத்துவைக்கும் தொகுப்பை, வைத்துத்தான். சாதாரண ப்ராசஸ் அதிலிருந்து தானாக வெளியேற முடியாது, அது பெறும் பிள்ளைகளும் அதே சிகுரூப்பில்தான் பிறக்கும். சிஸ்டம்டி ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிகுரூப் வைத்திருக்கிறது. எது எங்கே என்று சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ் மரமாகக் காட்டும்.

சேவையாக ஓடுவதை கில், பிகில் எதனாலும் தொடாதீர்கள். சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கொடுத்தால் சிகுரூப்பில் உள்ள எல்லாவற்றுக்கும் 15 போகும், வழக்கமான அமைப்பில் 90 விநாடி பொறுத்து மிச்சமிருப்பவற்றுக்கு 9 போகும். கையால் 9 அனுப்பினால், சேவைக் கோப்பில் மறுதொடக்கம் கேட்டிருக்கும் பட்சத்தில், சிஸ்டம்டி அதை விபத்து என்று எண்ணி உடனே மறுபடி கிளப்பிவிடும். "நிறுத்தினேன், திரும்ப வந்துவிட்டது" என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

நீங்களே கிளப்பும் வேலை எங்கெல்லாம் கிளைக்கும் என்று தெரியாவிட்டால், ஆரம்பத்திலேயே வேலி போட்டுவிடலாம்:

சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப் --யூனிட்=சோதனை மேக் -ஜே4

பிறகு சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டாப் சோதனை.ஸ்கோப் என்றால் உள்ளே இருந்த ஒன்றும் மிஞ்சாது (யூனிட் பெயரையும் ஆங்கிலத்தில் கொடுங்கள்). கெர்னல் 5.14-இலிருந்து சிகுரூப் இரண்டாம் பதிப்பில் சிகுரூப்.கில் என்றொரு கோப்பும் உண்டு. அதில் 1 என்று எழுதினால் அந்தச் சிகுரூப்பும் அதற்குக் கீழுள்ளவையும் மொத்தமாக 9 வாங்கும். நடுவில் புதிதாகப் பிறப்பவையும் தப்பாது.

அடித்தும் சாகாதவை

பிஎஸ் பட்டியலில் ஸ்டாட் பத்தியையும் சேர்த்துப் பாருங்கள். இசட் என்றால் அது ஏற்கெனவே செத்த ப்ராசஸ். தாய் அதன் முடிவுக் குறியீட்டை இன்னும் வாங்கிக்கொள்ளாததால் பட்டியலில் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு எத்தனை 9 அனுப்பினாலும் பயனில்லை, தாயைத்தான் கவனிக்க வேண்டும். தாய் முடிந்தால் முதல் ப்ராசஸ் அதை ஏற்று உடனே துடைத்துவிடும்.

டி (ஆங்கில வரிசையில் நான்காவதான பெரிய எழுத்து) என்றால் டிஸ்க்குக்கோ நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்துக்கோ கெர்னலுக்குள் காத்திருக்கிறது. சிக்னல் வரிசையில் நிற்கும், காத்திருப்பு முடிந்தால்தான் வேலை செய்யும். அறுந்த ஷேரை மீட்பதுதான் வழி. சில நேரம் ரீபூட் தவிர வேறு கதி இல்லை.

அதற்குப் பதிலாக ஆங்கில வரிசையில் இருபதாவதான பெரிய எழுத்து தெரிந்தால் ப்ராசஸ் உறைந்த நிலையில் இருக்கிறது. 15 அனுப்பினால் உறைநிலை கலையும்வரை அது காத்துக் கிடக்கும், 18-ஐயும் சேர்த்து அனுப்புங்கள். 9 மட்டும் உறைந்திருந்தாலும் கொல்லும்.

இந்த உறைநிலையே தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ப்ராசஸ்களுக்கு மருந்து. ஒன்றொன்றாக 9 அனுப்பினால், ஒன்று சாவதற்குள் இரண்டு பிறக்கும். முதலில் எல்லாவற்றையும் உறைய வைக்க வேண்டும். ரூட்டாக பிகில் -19 -யு பில்ட் என்று அடித்து, பிகிரெப் -சி -யு பில்ட் காட்டும் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப அடியுங்கள். நின்றதும் பிகில் -9 -யு பில்ட். உறைந்தவற்றால் புதிதாகப் பெற முடியாது. புது ப்ராசஸே கிளப்ப முடியாத அளவுக்குக் கணினி திணறினாலும் பாஷில் கில் வேலை செய்யும், அது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை.

ஸ்கிரிப்ட்டுக்குள்

ஸ்கிரிப்ட்டில் ஜாப் கன்ட்ரோல் (ஒவ்வொரு வேலையையும் தனிக் குரூப்பில் வைக்கும் ஷெல் வசதி) அணைந்திருக்கும். எனவே அதில் பின்னணிக்கு அனுப்பும் எல்லாம் ஸ்கிரிப்ட்டின் குரூப்பிலேயே இருக்கும். அவை 2-ஐக் கண்டுகொள்ளாதபடி தொடங்கும் என்பதால் கன்ட்ரோல்-சி அடித்தால் ஸ்கிரிப்ட் சாகும், அவை ஓடும். தலைப்பகுதியில் இந்த மூன்று வரிகள் போதும் (சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று ட்ராப் சொல்லிவைக்கும், அதில் 0 என்றால் ஸ்கிரிப்ட் வெளியேறும்போது):

ட்ராப் 'எக்ஸிட் 130' 2
ட்ராப் 'எக்ஸிட் 143' 15
ட்ராப் 'ட்ராப் "" 15; கில் 0; வெயிட்' 0

9 வாங்கிச் சாகாதவரை, எப்படி வெளியேறினாலும் மூன்றாம் வரி ஓடும். தனக்கு 15 உறைக்காமல் பார்த்துக்கொண்டு, தன் குரூப்பில் உள்ள மற்ற எல்லாவற்றுக்கும் 15 அனுப்பி, பிள்ளைகள் முடியும்வரை காத்திருக்கும். கில் 0 என்பது குரூப் முழுவதற்கும் போவதால், இந்த ஸ்கிரிப்ட்டை இன்னொரு ஸ்கிரிப்ட் அழைத்திருந்தால் அதுவும் அடிவாங்கும். அப்படி அழைக்கும்போது முன்னால் செட்சிட் சேர்த்துத் தனிக் குரூப்பில் கிளப்புங்கள். இன்னொன்று: ஸ்கிரிப்ட் ஒரு நீண்ட கட்டளையை முன்னணியில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் 15 அனுப்பினால், அந்தக் கட்டளை முடிந்த பிறகே பாஷ் ட்ராப்பை ஓட்டும். நீண்ட கட்டளையைப் பின்னணியில் தொடங்கி வெயிட்டில் நின்றால் சிக்னல் வந்த உடனே செயல்படும்.

நேர வரம்பு மட்டும்தான் தேவை என்றால் டைம்அவுட் இருக்கிறது. டைம்அவுட் -கே 10 300 என்று போட்டுக் கட்டளையை எழுதினால், 300 விநாடியில் 15 போகும், அதன் பிறகும் 10 விநாடி தாக்குப்பிடித்தால் 9 போகும். டைம்அவுட் தனிக் குரூப் அமைத்துக்கொள்வதால் பிள்ளைகளுக்கும் சிக்னல் சேரும். நேரம் தீர்ந்து 15-இலேயே முடிந்திருந்தால் வெளியேறும் குறியீடு 124, 9 வரை போயிருந்தால் 137. லாகில் 137 அடிக்கடி தென்பட்டால் அந்த நிரல் 15-ஐ மதிப்பதில்லை என்று அர்த்தம். 10-ஐக் கூட்டிப் பாருங்கள், அப்போதும் 137 வந்தால் நிரலுக்குள்தான் கையை வைக்க வேண்டும்.